இலந்தைக் கிளையில் வந்தவன்

அவனை இங்கே நிறுத்தி வச்சிருக்கறது நீங்கதான் மேடம். வேற யார் மேலயும் நான் பழி போடமாட்டேன். ஆப்பிரிக்காவுல, டர்பன் ஏர்போர்ட்டுல பையைப் பிரிச்சுப் பாத்தவன் விட்டுட்டான். துபாய்ல செருப்பைக் கழட்டச் சொன்னவன் விட்டுட்டான். பாஷை தெரியாத ஊர்க்காரன் அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டான். நம்ம ஊருல வந்து எறங்கி, தமிழ்ல எழுதின போர்டைக் காட்டி, வந்து சேந்துட்டோம்டா, இனி என்ன பயம்னு அவன்கிட்டச் சொல்லி வாயை மூடல, நீங்க வந்து கையை நீட்டிட்டீங்க.

அம்மிணின்னு கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டீங்க. சரி, மேடம்னே சொல்றேன். எங்க பக்கம் பொம்பளைப் புள்ளைகளை மரியாதையாக் கூப்பிடறது அப்படித்தானுங்க. சத்தம் போடாதேன்னு அந்தத் துப்பாக்கி வச்சிருக்கறவரு முறைக்கறாரு. என் குரலே இப்படித்தான். கம்ப்ரசர் பக்கத்துல நின்னு பேசிப் பேசி வளந்த குரல். மெதுவாப் பேசினா எனக்கே கேக்காது.

என் பேரு காளியண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் வண்டி வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்துல அஞ்சாங் கிளாசோட அடிச்சுத் தொரத்திட்டாங்க, அப்போ ராடு தூக்கப் போனவன். இன்னைக்கு ஆப்பிரிக்காவுல எனக்குச் சொந்த வண்டி ஓடுது. எப்படிங்கறீங்க? வாயி. இந்த வாயை வச்சுத்தான். எவன் என்ன விலை சொன்னாலும் பாதியில இருந்து ஆரம்பிப்பேன். டீசல்காரன், பைப்புக்காரன், வீட்டு ஓனர், எவனா இருந்தாலும் சரி. என் கல்யாணத்துல அய்யருகிட்டயே தட்சிணைக்குப் பேரம் பேசினவன் நான். அப்பேர்ப்பட்டவன் ரெண்டு நாளா ஒரு மனுசன்கிட்ட வாயைத் திறக்காம வந்தேன்னா எதுக்காக வந்திருப்பேன், யோசிச்சுப் பாருங்க.

அந்தப் பிளாஸ்டிக் பையில நீங்க போட்டு வச்சிருக்கறது குச்சி இல்லைங்க. அதுல ஒரு ஆளு வந்தான். சென்னியப்பன். பக்கத்துல கெடக்குதே, மூலை வெட்டின பாஸ்போர்ட்டு, அது அவனோடதுதான். இந்த ஆளு எங்கன்னு நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. உங்க கையிலதான் இருந்தான்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கல, அவரு சிரிச்சாரு.

சென்னியப்பன் என் வண்டியில டிரில்லர். ஓட்டைக்குள்ள ராடு எறங்கற சத்தத்தை வச்சே கீழ பாறையா, மண்ணான்னு சொல்லுவான். என்கிட்ட வந்தப்போ அவனுக்கு மீசை கூட ஒழுங்கா இல்ல. தர்மபுரி, கர்நாடகா, அப்புறம் அங்க, எங்க போனாலும் என்கூடத்தான். கூடப் பொறந்தவன் மாதிரி. நான் சாப்பிட்டா அவன் சாப்பிட்டான். அவன் பொண்டாட்டி பூங்கொடி என்னை அண்ணான்னுதான் கூப்பிடும். இப்போ வெளியில நிக்குது, காருகிட்ட. தம்பியைக் கூட்டிக்கிட்டு, ஒரு சொம்புத் தண்ணியும் மஞ்சத் துணியும் எடுத்துக்கிட்டு வந்திருக்குது.

டர்பனுக்கு மேக்கால மலைமலையா இருக்குமுங்க. அங்க ஒரு கோழிப் பண்ணைக்குப் போர் போட்டுக்கிட்டு இருந்தோம். வின்ச் ரோப்பு, ராடைத் தூக்கற இரும்பு ரோப்பு, அது பிரி விட்டிருந்துச்சு. அண்ணா, ரோப்பை மாத்திரலாம், இது தாங்காதுன்னு சென்னியப்பன் சொன்னான். இல்லைன்னு சொன்னேனா? உடனே டர்பன்ல கடைக்காரனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன விலை இருக்குதே, அநியாயம். போனை வச்சுட்டேன். விலையைக் கேட்டதும் எந்திரிச்சு வந்துரணும் மேடம், அவனாக் கூப்பிடுவான், அதுதான் தொழில். அடுத்த வாரம் கூப்பிட்டான். நான் சொன்ன விலைக்கே எறங்கி வந்தான். அந்த ஊர்ல என் விலைக்கு ரோப்பு வாங்கினவன் வேற எவனும் இல்லை, நீங்க யாரை வேணும்னாலும் கேட்டுக்கலாம். வியாழக்கிழமை ரோப்பு வந்து எறங்குச்சு. புதுசு, எண்ணெய் மினுங்கிக்கிட்டு. புதன்கிழமை பழைய ரோப்பு அறுந்து ராடு அவன் மேல விழுந்துருச்சு. புதன்கிழமை அறுந்துபோகும்னு எனக்கு என்ன, ஜோசியமா தெரியும்?

ஊருக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டு இருந்தான், அது வாஸ்தவந்தான். மவ பெரிய மனுசி ஆயிருச்சு. எங்க பக்கம் தெரட்டிச் சீருன்னு பண்ணுவோம், தாய்மாமன் சீர் கொண்டு வருவான், பந்தல் போட்டு ஊரே சாப்பிடும். அப்பன் இல்லாம எப்படிண்ணான்னான். போகாதேன்னு நான் சொல்லல. இந்தப் போர் முடியட்டும்னேன். அது முடிஞ்சதும் இன்னொண்ணு வந்துருச்சு. வர்ற வேலையை வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? சீரை ரெண்டு தடவை தள்ளி வச்சுப் பாத்தாங்க. அப்புறம் அவன் இல்லாமலே பண்ணிட்டாங்க. போன்லயே பாத்தான். ராடு மேல உக்காந்து, ஹெல்மெட்டைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுப் பாத்தான். அன்னைக்கு நான் எல்லாருக்கும் கோழிக் கொழம்பு வைக்கச் சொன்னேன். என் காசுல.

அவன் பாஸ்போர்ட்டு என்கிட்ட எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்க. எல்லார் பாஸ்போர்ட்டும் என் பீரோவுலதான் இருக்கும். களவு போயிருச்சுன்னா யாரு அலையறது?

பொணத்தை ஊருக்கு அனுப்பறதுன்னா பேப்பர் மேல பேப்பர் கேட்டாங்க. வேண்டாம், பூங்கொடி அந்தக் கோலத்தைப் பாக்க வேண்டாம்னு நான்தான் முடிவு பண்ணினேன். அங்கேயே நம்ம தமிழாளுங்க நடத்தற சுடுகாடு இருக்குது, தேவாரம் பாடித்தான் எரிச்சோம். சாம்பலை ஊருக்குப் போன ஒரு ஆளுகிட்டக் குடுத்துவிட்டேன். பவானி கூடுதுறையில கரைச்சாங்க. எல்லாம் முறையாத்தானே நடந்துச்சு? ஆனா பூங்கொடி கருமாதி பண்ண விடமாட்டேன்னு உக்காந்துருச்சு. தாலியைக் கழட்டல. போன்ல என்கிட்டச் சொல்லுச்சு.

"சாம்பல் வந்துச்சுங்கண்ணா. ஆளு வரல. ராத்திரி கனாவுல மலை மேல நிக்கறாரு. எப்படி வர்றதுன்னு கேக்கறாரு."

அழுதுச்சுன்னாக் கூடப் பரவாயில்லை. அழுகாமச் சொன்னதுதான் எனக்கு என்னமோ பண்ணுச்சு.

அங்க பாத்தா வேலை நின்னு போச்சு. மூசான்னு ஒரு ஜூலுக்காரன், அந்த ஊரு ஆளு, சென்னியப்பனுக்குக் கையாளு, அவன்தான் ஆரம்பிச்சான். சென்னியப்பன் இன்னும் இங்கதான் நிக்கறான், வழி தெரியல, அவனைத் தாண்டி நாங்க ராடு எறக்கமாட்டோம்னான். மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. மத்தியானச் சோறு வந்தா சென்னியப்பனுக்குன்னு ஒரு தட்டுல போட்டு வச்சுட்டுத்தான் சாப்பிட்டாங்க. கூலியை ஏத்திக் குடுத்துப் பாத்தேன். நானு, கூலியை ஏத்தி. எவனும் அசையல. கோழிப் பண்ணைக்காரன் தெனமும் போன் பண்றான். நீங்க தப்பா நினைக்கக் கூடாது, வேலைக்காக நான் இதைச் செய்யல. வேலையும் நின்னுச்சு, அவ்வளவுதான்.

மூசாதான் மாசிபியாங்கற நாட்டு வைத்தியக்கார அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தான். டர்பன் ஊருக்குள்ள பாலத்து மேலயே ஒரு மருந்துச் சந்தை இருக்குது மேடம். வேரு, பட்டை, கிழங்கு, கட்டுக் கட்டா எலை, எல்லாம் கோணிச்சாக்குல விரிச்சு வச்சிருப்பாங்க. அந்தம்மாவுக்கு அங்க ஒரு எடம். எனக்கு முந்தி ஒருக்கா இருமல் நிக்காம வந்தப்போ அதுகிட்டத்தான் ஒரு பட்டை வாங்கி மென்னேன். மொளகை அரைச்சுப் பூசின மாதிரி காரம், தொண்டை தொறந்துருச்சு. அன்னைக்கும் பேரம் பேசினேன். அந்தம்மா பேரத்துக்குப் பதிலே சொல்லாது. பாத்துக்கிட்டே இருக்கும். நாமளே குடுத்துட்டு வந்துருவோம்.

ரிக்கு நின்ன எடத்துக்கு வந்து மொதல்ல ஒரு காஞ்ச பூவைக் கொளுத்துச்சு. இம்பெபோன்னு பேரு. மஞ்சளாச் சின்னப் பூ, பறிச்சு எத்தனை நாளானாலும் வாடாதாம். சாம்பிராணி மாதிரி இல்லை, கொஞ்சம் தேன் கருகின வாசம். அவங்க முன்னோருங்க அந்தப் பொகைக்குத்தான் காது குடுப்பாங்களாம். பொகை நேரா மேல போகல. ராடு விழுந்த எடத்துல சுத்திச் சுத்தி நின்னுச்சு. காத்துதான்னு நான் சொன்னேன். காத்து இல்லைன்னு மூசா சொன்னான்.

அப்புறம் மரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பாத்தா நம்ம இலந்தை. மாத்தமே இல்லை. எலையும் அதே எலை, குச்சி கோணக் கோணலாப் போறதும் அதே மாதிரி. கணுவுக்குக் கணு ரெண்டு முள்ளு, ஒண்ணு நேரா நிக்குது, ஒண்ணு பின்னால வளைஞ்சிருக்குது. நேரா இருக்கறது போற வழி, வளைஞ்சது வந்த வழியாம். அவங்க பாஷையில அரசனைப் புதைக்கற மரம்னு பேரு. ஆளு செத்த எடத்துல இருந்து இந்தக் கிளையிலதான் அவனை ஏத்தி வீட்டுக்குக் கொண்டு போவாங்களாம். ஆஸ்பத்திரியில செத்தா கட்டிலுக்கே போய்க் கூப்பிடுவாங்க, ரோட்டுல செத்தா ரோட்டுக்கே போய்க் கூப்பிடுவாங்க. பஸ்சுல அவனுக்குத் தனி சீட்டு, தனி டிக்கெட்டு. நான் சொன்னேன், இந்த மரம் எங்க தோட்டத்து வரப்புலயே நிக்குது, அங்க போய் ஒரு கிளை வெட்டிக்கறேனே, எதுக்கு இம்புட்டுத் தூரம் தூக்கிச் சுமக்கணும்னு. மூசா அதை அவங்க பாஷையில சொன்னதும் அந்தம்மா மொத மொத சிரிச்சுது. ஆளு இங்கல்ல நிக்கறான், அங்க வெட்டினா எதுல ஏறுவான்னு கேட்டுச்சு. அது ஞாயம்தான். நான் ஒத்துக்கிட்டேன்.

வெட்டறதுக்கு முன்னாடி மரத்தடியில மூக்குப்பொடி வச்சு, எதுக்கு வெட்டறோம், யாருக்காக வெட்டறோம்னு மரத்துகிட்டச் சொல்லுச்சு. மரத்துக்குமா கூலின்னு கேட்டேன். இதை மட்டும் மூசா அதுகிட்டச் சொல்லல.

யாரு தூக்கிட்டுப் போறது, ரத்த சொந்தம் யாருன்னு கேட்டுச்சு. பூங்கொடியோட தம்பியை வரச் சொல்லலாம்னா விசா, டிக்கெட்டு, எத்தனை மாசம் ஆகும். நான்தான் அண்ணன்னு சொல்லிட்டேன். பொய்யில்லைங்க. எனக்கும் அவனுக்கும் நடுவுல இருந்தது எந்த அண்ணன் தம்பிக்கு இருந்துச்சு? அந்தம்மா என் மூஞ்சியைப் பாத்துச்சு. இவனுக்கும் உனக்கும் நடுவுல ஏதாச்சும் இருந்தா இங்கேயே அவன்கிட்டச் சொல்லிரு, கிளையில முள்ளு இருக்குது, அதையும் சேத்துத் தூக்க முடியாதுன்னுச்சு. ஒண்ணும் இல்லைன்னேன். ஒரு பைசா பாக்கி இல்லை, நஷ்ட ஈடும் பூங்கொடி கைக்குப் போயிருச்சுன்னேன்.

கிளையைப் புடிச்சுக்கிட்டு, சென்னியப்பா வாடா, போர் முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம்னு கூப்பிட்டேன். அந்தம்மா தலையை ஆட்டுச்சு. ஏறலையாம். இன்னொருக்கா கூப்பிட்டேன். இல்லை. மூசா அது காதுல என்னமோ சொன்னான். அவனோடது ஏதோ உன் வீட்டுல பூட்டிக் கெடக்குது, அதைக் கொண்டு வான்னு அந்தம்மா சொல்லுச்சு. நேரா பாஸ்போர்ட்டைத்தான் சொன்னாங்க. செத்தவனுக்கு எதுக்குப் பாஸ்போர்ட்டு, இனி செல்லாதுன்னு ஆபீசுல மூலையை வெட்டியே குடுத்துட்டாங்க. இருந்தாலும் கொண்டு வந்து கிளையோட வச்சுக் கட்டினேன். கட்டிட்டுத் தூக்கினேன் மேடம். சத்தியமாச் சொல்றேன், கனத்துச்சு. வெறும் முழ நீளக் குச்சி. ஈர வேட்டி மாதிரி கனத்துச்சு.

அப்புறம்தான் கட்டுப்பாடு சொன்னாங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வேற மனுசன்கிட்டப் பேசக் கூடாது, அவன்கிட்ட மட்டும்தான் பேசணும். ஆத்தைத் தாண்டினா ஆறுன்னு சொல்லணும், வண்டி மாறினா வண்டின்னு சொல்லணும், இல்லைன்னா முழிப்பான். வழியில யாராச்சும் தடுத்துட்டாலோ, நீ வாயைத் திறந்துட்டாலோ, அவன் அங்கேயே எறங்கிருவான். அப்புறம் சும்மாக் கூப்பிட்டா வரமாட்டான். யாரு தடுத்தாங்களோ அவங்களே வந்து பேரைச் சொல்லி, தடுத்தது நான்தான், வழியை விட்டுட்டேன், வீட்டுக்குப் போன்னு சொல்லணும். வேற யாரு சொன்னாலும் செல்லாது. அந்தம்மா இதைச் சொல்றப்போ மூசாவைப் பாக்கல, மரத்தைப் பாக்கல, என்னையே பாத்துக்கிட்டுச் சொல்லுச்சு. நான் வழியில சாக்கிரதையா இருக்கணும்னுதான்.

முந்தியே ரெண்டு டிக்கெட்டு போட்டிருந்தேன். அதுவரைக்கும் வாய் இருந்துச்சு, ஏஜெண்டுகிட்டப் பேசிக் கொஞ்சம் கொறச்சேன். கிளையைத் தூக்கின பொறவு போச்சு. டாக்சிக்காரன் வாயில வந்த விலையைச் சொன்னான். என்னால ஒண்ணும் பேச முடியல. குடுத்தேன். ஏர்போர்ட்டுல தண்ணி பாட்டிலுக்கு ஒருத்தன் கேட்டான் பாருங்க ஒரு விலை. குடுத்தேன். வயிறு எரிஞ்சுது. சென்னியப்பா, பாத்தியா, உன்னாலதான்டான்னு அவன்கிட்டத்தான் சொன்னேன். அதுக்குத் தடை இல்லை.

ஏரோப்பிளேன்ல ஜன்னலோரம் அவனுக்கு. பெல்ட்டுப் போட்டுவிட்டேன். சாப்பாடு கொண்டாந்த புள்ளை என்ன வேணும்னு கேட்டுக்கிட்டே நிக்குது. அதுகிட்டப் பேசக் கூடாது, பசி வேற. ஏப்பா சென்னியப்பா, எனக்குச் சைவம்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுடான்னேன். அந்தப் புள்ளை கிளையைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, சைவத்தை வச்சுட்டுப் போயிருச்சு. அப்புறம் இந்தப் பக்கமே வரல.

கடலுக்கு மேல பேசிக்கிட்டே வந்தேன். அவன் உசுரோட இருந்தப்போ இவ்வளவு பேசினதில்லை. ராடு எறக்கு, ராடு தூக்கு, அவ்வளவுதான் பேசியிருப்போம். மவ நல்லாப் படிக்குதுடான்னேன். ரோப்பு வியாழக்கிழமை வந்துருச்சுடான்னேன். நீ ஏன்டா புதன்கிழமை அந்த ரோப்புல ராடைத் தூக்கினே, வேலையை முடிச்சிரலாம்னு நான் சொன்னா நீ மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல, என்னைக்காச்சும் மாட்டேன்னு சொல்லியிருக்கியாடான்னு கேட்டேன். இத்தனை மணி நேரம் நான் தொண்டை கிழியப் பேசறேன், ஒரு முள்ளாவது அசைஞ்சுதுங்களா? கோவம் வந்துருச்சு. அப்புறம் பாவமாவும் இருந்துச்சு. துண்டைப் போத்திவிட்டேன்.

அவ்வளவு தூரம் வந்தவன்தானுங்க இங்க வந்து நின்னுட்டான்.

நீங்க என்ன பண்ணினீங்க? மிஷின்ல பாத்துட்டு இது என்னன்னு கேட்டீங்க. நான் பேசல. திரும்பக் கேட்டீங்க. கையைக் காட்டினேன், கும்பிட்டேன், பூங்கொடி நிக்கற பக்கம் காட்டினேன். துண்டைப் பிரிச்சீங்க. முள்ளு உங்க கையில குத்துச்சு, ரத்தம் வந்துச்சு, அதுக்கு நான் மனசு வருத்தப்பட்டேன், நெசமாலும். பாஸ்போர்ட்டைப் பாத்தீங்க. இது யாரு, இந்த ஆளு எங்க, நீ ஏன் பேசமாட்டேங்கறேன்னு கேட்டு அந்தத் துப்பாக்கி வச்சிருக்கறவரைக் கூப்பிட்டீங்க. அப்பவும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். பையில நுழையலைன்னு கிளையை மடக்கினீங்க பாருங்க, அது முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு. ராடு அவன் மேல விழுந்தப்போ கேட்ட மாதிரி கேட்டுச்சு.

கத்திட்டேன். என்ன கத்தினேன்னு எனக்கு ஞாபகம் இல்லை. அவருதான் எழுதி வச்சிருக்காரு, வாசிச்சுக் காட்டினாரு. "விடமாட்டேன், அவன் என் ஆளு, நான் விடமாட்டேன்." அப்படிக் கத்தினேனாம். இருக்கலாம். கோவத்துல வர்றதுதானே.

கத்தி முடிச்சுக் கிளையைப் புடிச்சு இழுத்தேன். கனமே இல்லை மேடம். சருகு. காஞ்ச குச்சி எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு. அவன் எறங்கிட்டான். அந்தப் பெட்டி சுத்தி வருதே, பெல்ட்டு, அங்கதான் எங்கேயோ நிக்கறான். எல்லாரும் அவங்க அவங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போறாங்க. அவன் நின்னு பாத்துக்கிட்டு இருக்கறான்.

செடி கொடிக்குன்னு ஒரு ஆபீசு இருக்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். வெளிநாட்டுப் பூச்சி வந்துரும், நம்ம மரமெல்லாம் பட்டுப் போயிரும்னு சொல்றீங்க. ஞாயம். நானும் தோட்டக்காரன் வீட்டுப் புள்ளைதான். மருந்து அடிச்சுக் குடுங்கன்னேன். எலையை எல்லாம் உருவிட்டுக் கட்டையை மட்டும் குடுங்கன்னேன். கட்டையும் வேண்டாம், ரெண்டு முள்ளைக் குடுங்கன்னேன். நான் வாழ்நாள்ல இவ்வளவு எறங்கிப் பேரம் பேசினதில்லை. நீங்க அந்த மாசிபியா மாதிரியேதான், பதில் சொல்லாமப் பாக்கறீங்க. சாயங்காலம் எரிச்சுருவோம்னு சொல்றீங்க. எரிங்க. குச்சிதானே இப்போ அது, எரிச்சுக்கங்க. எனக்கு அது வேண்டாம்.

நீங்க கெட்டவங்க இல்லை. டீ வாங்கிக் குடுத்தீங்க. முழுசும் உக்காந்து கேட்டீங்க. கேட்டுட்டு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்குப் புடிக்கல. நீங்களே போய் அந்தப் பெல்ட்டுகிட்ட நின்னு கூப்பிடுங்களேன், அரை மணி நேரம் யாரும் தடுக்கமாட்டாங்க, நானே கூட்டிக்கிட்டுப் போறேன்னீங்க. நான் எதுக்குங்க கூப்பிடணும்? நானா தடுத்தேன்? கூட்டிக்கிட்டு வந்தவன் நான். பாஸ்போர்ட்டைக் கையில குடுத்தவன் நான். ஜன்னலோரம் உக்கார வச்சவன் நான். இருந்தாலும் நீங்க சொன்னீங்களேன்னு இப்போ போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன், நீங்களும் தள்ளி நின்னு பாத்தீங்க. சென்னியப்பா, வாடா, பூங்கொடி வெயில்ல நிக்குதுன்னு கூப்பிட்டேன். என்ன சொல்லியும் ஆகல. அந்த வார்த்தையை நான் சொல்ல முடியாதுங்க. அது தடுத்தவங்க வார்த்தை. நான் சொன்னாப் பொய்யாயிரும். செத்தவன்கிட்டப் பொய் சொல்லக் கூடாது.

பாருங்க, போன் அடிக்குது. பூங்கொடிதான். இது எத்தனாவது தடவையோ. எடுத்தா என்னன்னு சொல்றது? வந்துட்டாராண்ணான்னு கேக்கும். வந்துட்டாரு, வாசல்ல நிக்கறாருன்னு சொல்லட்டா? அவன் வந்துருவான்னு நம்பித்தான் கருமாதிக்கு நாள் குறிச்சிருக்குது. அவன் வீடு போய்ச் சேந்தாத்தான் அந்தப் புள்ளை எந்திரிக்கும், மவளுக்குச் சோறு ஆக்கும், தாலியைக் கழட்டறதோ வச்சுக்கறதோ அது இஷ்டம். இல்லைன்னா அது வருஷம் பூராவும் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். நான் மூசாவுக்கு என்ன சொல்லுவேன்? அந்த மலைக்கு நான் எந்த மூஞ்சியோட போவேன்?

எந்திரிங்க மேடம். பேப்பரை அப்புறம் எழுதிக்கலாம். கையெழுத்து எங்க கேட்டாலும் போடறேன். நீங்க வந்து அந்தப் பெல்ட்டுகிட்ட நில்லுங்க. உங்களுக்கு அவன் யாருன்னு தெரியாது, பரவாயில்லை, பாஸ்போர்ட்டுல போட்டோ இருக்குது, மூலையைத்தான் வெட்டியிருக்காங்க, மூஞ்சி இருக்குது. அதைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. சென்னியப்பா, தடுத்தது நான்தான், வழியை விட்டுட்டேன், வீட்டுக்குப் போ. அவ்வளவுதான். யாரும் சிரிக்கமாட்டாங்க, நான் பாத்துக்கறேன். தடுத்தவங்க வாயால ஒரே ஒருக்கா சொல்லணும். ஒரு வரி மேடம். இந்த ஒரு வரியைச் சொல்றதுக்கு ஒரு மனுசருக்கு இவ்வளவு நேரமா ஆகும்?